மூன்றாவது கருத்தும் ஒன்பதாவது இன்னிங்ஸும்

லுண்ட்கிரீன், மினசோட்டா,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புத் தங்கை மார்லிஸுக்கு,

உன் அண்ணன் கோர்டன், தலை நிமிர்ந்து, நெஞ்சு விரிந்து, தொண்டை மட்டும் கட்டிப்போன நிலையில் வரையும் மடல். துலூத்தின் ஏரிக்காற்று உனக்கும் மாப்பிள்ளை ரோலண்டுக்கும் இதமாக வீசுகிறதென்றும், அவருடைய முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டதென்றும், மருத்துவமனையில் உனக்கு இரவுப்பணி குறைந்திருக்கிறதென்றும் நம்புகிறேன். இங்கே சோளம் ஆளுயரம் தாண்டிவிட்டது. கொசுக்களும் ஏறத்தாழ அவ்வளவு வளர்ந்துவிட்டன. நான் நலம். இல்லை, நலம் என்னும் சொல் போதாது. தங்காய், நான் வாகை சூடியவன்!

நீ கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியைத் தேடுமுன் உன் முதற்கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். இந்தக் கோடையில் என் வீட்டில் தங்கி நம் அணிக்கு ஆடும் உன் மகன் எமெட்டின் வலக்கை, உடம்போடு ஒட்டிக்கொண்டு, நலமாக இருக்கிறது. அறுவை செய்த முழங்கை அறுவை செய்த இடத்திலேயே இருக்கிறது. வரும் இளவேனிலில் கல்லூரி அணியில் அவனுக்காக வைத்திருக்கும் இடம் அவனுக்கே. ஏனென்றால் ஒன்பதாவது இன்னிங்ஸில், எதிரணிக்குத் தளம் சேர்க்கும் ஓர் அடிகூட விழாத பேஸ்பால் ஆட்டத்தின் நடுவே, பந்துவீச்சு மேட்டிலிருந்து அவனை இறக்கினேன். நான் இறக்கினேன்!

இதன் பெருமை உனக்கு விளங்கவேண்டுமானால், ஜூலை நான்காம் நாள் விடுதலை விழாவுக்குப் பூங்காவில் நான் ஆற்றிய உரையை நீ நினைவுகூர வேண்டும். கால்நடைகளையும் கலப்பைகளையும் ஏலமிட்டே உரமேறிய இந்தக் குரலால், ஊர்மக்கள் அனைவரும் தட்டில் உருளைக்கிழங்குக் கலவையோடு அமர்ந்திருக்க, நான் முழங்கினேன்: "வெற்றித்தேர் ஓட்டுபவனை வழியில் இறக்கிவிடுவது அறமா? எதிரியின் மட்டையை ஊமையாக்கிய கையிலிருந்து பந்தைப் பறிப்பது ஆண்மையா? வீசிய பந்துகளின் எண்ணிக்கைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கும் கோழைகள் பறிக்கட்டும். லுண்ட்கிரீன் அணியின் பொறுப்பாளனாக நான் இருக்கும்வரை, ஆதிக்கம் செலுத்தும் வீச்சாளனை ஒருபோதும் இறக்கமாட்டேன்!" கைதட்டலில் ஒரு குழந்தை விழித்து அழுதது. எனக்குமுன் பொறுப்பிலிருந்த லெராய், அப்படி ஒருவனை இறக்கித் தோற்றவர் என்பதை நீ அறிவாய். அன்றிலிருந்து உணவகத்தில் அவர் கோப்பைக்கு யாரும் இரண்டாம் முறை காப்பி ஊற்றுவதில்லை. ஆட்டங்களைக்கூடத் தம் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேதான் பார்க்கிறார். ஆகவே என் சூளுரை வெறும் காற்றன்று. என் காப்பியே அதில் அடங்கியிருந்தது.

ஆனால் நீ என்ன செய்தாய்? ஆட்டத்துக்கு முதல்நாள் தொலைபேசியில் என்னை வறுத்தெடுத்தாய்.

"அண்ணா, உன் சூளுரைய நீயே ஏலம் போட்டு வித்துக்க. எம்புள்ள கைய வச்சு விளையாடாத. ரெண்டு வருசம் அவன் கரண்டி பிடிக்க முடியாம இருந்தான், நாந்தான் ஊட்டிவிட்டேன். அவன் கை சோர்ந்தா நீ இறக்கணும். இல்லேன்னா, நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு என் வீட்டு வான்கோழிய நீ கனவுலதான் பாக்கணும்."

"மார்லிஸ், கை சோர்ந்தா எனக்குத் தெரியாதா?"

"உனக்கு நீ பேசறது மட்டும்தான் தெரியும்."

இப்படிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். ஒருபுறம் ஊர், மறுபுறம் உடன்பிறந்தாள். இடையே, மாநிலப் போட்டிக்குச் செல்லும் ஒரே வாயிலாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். இந்த இக்கட்டில் நின்றவன் உன் அண்ணன்.

இனி ஆட்டத்தைக் கேள். எமெட் வீசினான். அடடா, அதை வீச்சு என்பதா, விளாசல் என்பதா! எதிரணியான ஸ்டெய்ன்ஹோம் காளையர் ஒருவர்பின் ஒருவராக வந்து, காற்றுக்கு மட்டையால் விசிறிவிட்டுத் திரும்பினார்கள். நாலாவது இன்னிங்ஸ் முடிந்தபோது யாரும் எதுவும் பேசவில்லை, ஏனென்றால் அந்த வழக்கம் உனக்குத் தெரியும், எதிரணிக்கு ஓர் அடிகூட விழாமல் ஒருவன் வீசிக்கொண்டிருந்தால் அதை வாயால் சொல்லக்கூடாது, அவன் பக்கத்தில் உட்காரக்கூடாது, அவனுக்குத் தண்ணீர்கூட நீட்டக்கூடாது, நீட்டினால் மாயம் கலைந்துவிடும், ஆகவே ஆறாவது இன்னிங்ஸில் இருக்கையின் ஒரு கோடியில் எமெட்டும் மறுகோடியில் நாங்கள் அத்தனைபேரும் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஏழாவதில் அவன் எங்கள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான், உடனே நாங்கள் அனைவரும் வானத்தைப் பார்த்தோம், எட்டாவதில் அவன் எழுந்து என்னை நோக்கி வந்தான், நான் கழிப்பறைக்கு ஓடிவிட்டேன். இவ்வளவு கட்டுப்பாடான அணியை நீ எங்கே காண்பாய்?

ஒன்பதாவது இன்னிங்ஸ். நாம் ஓர் ஓட்டம் முன்னே. எமெட் முதல் மட்டையாளனுக்கு நான்கு பந்துகளையும் வெளியே எறிந்து, அவனை இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பிவிட்டான். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. "இறக்குய்யா அவன, கை தொவண்டு போச்சு!" என்றது மூன்றாம் தளத்துப் பக்கம். "கோர்டன், கைய வச்ச, நாளைலேருந்து நீயும் வண்டிக்குள்ளதான்!" என்றது முதல் தளத்துப் பக்கம். லெராயின் வண்டிக் கண்ணாடி நான்கு விரற்கடை இறங்கியது. அப்போது நான் எழுந்தேன். ஆடுகளத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டினேன். மேட்டை நோக்கி நடந்தேன். இறக்குவதற்கு அன்று, ஊக்கமூட்டுவதற்கு!

மேட்டில் உன் மகனும், மட்டையாளனுக்குப் பின்னால் அமர்ந்து பந்து பிடிக்கும் ரஸ் பொலாண்டும் நின்றார்கள். நான் இருவர் தோளிலும் கைவைத்து, குரலை இரண்டு படி தாழ்த்திச் சொன்னேன்: "எமெட், உனக்குச் சொல்ல என்னிடம் மூன்று கருத்துகள் உள்ளன. முதலாவது: இந்த மண்ணை உழுத நம் முன்னோர்..." முன்னோரைப் பற்றிச் சுருக்கமாகவே சொன்னேன். "இரண்டாவது: இந்தக் கூட்டத்தைப் பார்..." கூட்டத்தைப் பற்றியும் சுருக்கம்தான். அதற்குள் நடுவர் வென்டல் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். போன ஆண்டு என் ஏலத்தில் வாங்கிய விதைப்பு எந்திரம் இன்னும் அவர் கொட்டகையில் விதைக்காமல் நிற்கிறது. அந்த மனத்தாங்கலை ஆடுகளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"கோர்டன், பேசி முடிச்சாச்சா?"

"மூன்றாவது கருத்து மீதி இருக்கு."

"அத தேர்தல்ல நின்னு பேசிக்க. நடையக் கட்டு."

"வென்டல், ஒரே நிமிசம்..."

"உன் ஒரு நிமிசம் எனக்குத் தெரியும். அன்னிக்கு ஒரு நிமிசம்னு சொல்லித்தான் அந்த எந்திரத்த எந்தலைல கட்டுன. போ!"

திரும்பினேன். அரங்கில் பாதிச் சொற்பொழிவோடு இறக்கிவிடப்பட்டவனின் வேதனையை, மார்லிஸ், அரங்கேறியவர்கள் மட்டுமே அறிவர். முதல் இரண்டும் படிக்கட்டுகள். மூன்றாவதே கோபுரம். கோபுரமில்லாமல் படிக்கட்டை மட்டும் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அடுத்த மட்டையாளன் பந்தை நெட்டுக்குத்தாக மேலே தூக்கினான். ரஸ் அதைப் பிடித்தான். ஒருவன் காலி. ரஸ் பந்தைக் கொண்டுபோய் எமெட்டின் கையில் கொடுத்தான், இருவரும் கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ பேசினார்கள், பிறகு ரஸ் தன் இடத்துக்கு வந்து, உட்காருமுன் என் பக்கம் திரும்பி, ஊரே கேட்கக் கூவினான்:

"கோர்டன் அண்ணே! அந்த மூணாவது என்னண்ணே? எமெட் கேக்குறான்!"

கேட்டுவிட்டான்! என் வாழ்நாளில் ஏலத்திலும் சரி, மேடையிலும் சரி, என் மூன்றாவது கருத்தை யாரும் கேட்டுப் பெற்றதில்லை. என் கால்கள் எழுந்தன. நான் எழவில்லை, கால்கள்தாம் எழுந்தன. வெள்ளைக் கோட்டைத் தாண்டி, வலக்கையை உயர்த்தி, "மூன்றாவதாக" என்று தொடங்கினேன். வென்டல் என் முகத்துக்கு நேரே இரண்டு விரல்களைக் காட்டினார்.

"ரெண்டாவது தடவை, கோர்டன். ஒரே இன்னிங்ஸ்ல ரெண்டு தடவை கோட்டத் தாண்டிட்ட. பையன் இறங்கணும். சட்டம்."

"நான் இறக்க வரலைய்யா! பேச வந்தேன்!"

"பேசுறதுக்கும் கால்லதான நடந்து வந்த?"

கூட்டத்திலிருந்து எழுந்த ஒலியை நான் எழுத்தில் வடிக்க இயலாது. யாரோ தின்றுகொண்டிருந்த சாசேஜ் ஒன்று என் தொப்பியைத் தொட்டுச் சென்றது. எமெட் அழுவான், கொதிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ பந்தை என் உள்ளங்கையில் மெல்ல வைத்து, "சரி மாமா" என்றான். இரண்டே சொல்! எத்தகைய பண்பு, எத்தகைய வளர்ப்பு! அதில் பாதி உன்னுடையது.

பதிலாக வந்தவன் டுவேன். குழாய் பழுதுபார்ப்பவன், நாற்பத்தைந்தைக் கடந்தவன், பந்துவீச்சில் என்னைவிடக் கொஞ்சம்தான் விரைவானவன். கடுகுச் சாறு படிந்த விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான்.

"அண்ணே, நெசமாவே என்னையா கூப்புட்ட?"

"டுவேன், உன்னிடம் சொல்ல மூன்று கருத்துகள்..."

"பந்த குடுண்ணே, ஆறிப்போயிடும்."

எதை அவன் ஆறிப்போகும் என்றான், பந்தையா, பாதி தின்ற சாசேஜையா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவன் வீசிய முதற்பந்து, இறுதி ஊர்வலம்போல் அவ்வளவு மெதுவாகப் போயிற்று. எமெட்டின் மின்னலைப் பார்த்துப் பழகிய அந்த மட்டையாளன் பந்து பாதிவழி வருமுன்பே மட்டையைச் சுழற்றத் தொடங்கிவிட்டான், நிறுத்த முடியாமல் நுனியில் தட்டினான், பந்து உருண்டு இடைக்காவலனிடம் போனது, அவன் இரண்டாம் தளத்துக்கு எறிந்தான், அங்கிருந்து முதல் தளத்துக்குப் பறந்தது, ஒரே பந்தில் இருவர் காலி, முன்னவனோடு மூவர், ஆட்டம் முடிந்தது, தளம் சேர்க்கும் அடி ஒன்றும் விழவில்லை, மாநிலப் போட்டி நமதே! நமதே! நமதே!

அதன்பின் நடந்ததை அடக்கத்தோடு சொல்கிறேன். தொப்பியில் சாசேஜ் எறிந்த அதே கைகள் என்னைத் தோளில் தூக்கின. "மின்னலுக்குப் பின்னாடி ஆமைய விட்டாரு பாரு, மூளைடா அது!" என்றார்கள். ஊர்ச் செய்தித்தாள் "நெஞ்சுரம் மிக்க முடிவு" என்று எழுதியது. ஒரு படி உன் பார்வைக்காக வைத்துள்ளேன். உணவகத்தில் என் கோப்பை குறையவே விடவில்லை. நெஞ்சு படபடத்து உறக்கமே வரவில்லை. லெராய் வண்டியை விட்டு இறங்கி வந்து என் கையைப் பற்றி, "கோர்டன், இறக்குறது தப்பில்லன்னு ஊருக்குக் காட்டிட்டப்பா" என்றார். கண் கலங்கியிருந்தது. அவருடைய கோப்பைக்கு இரண்டாம் முறை காப்பியை நானே ஊற்றினேன்.

ஆகவே தங்காய், இன்று உலகுக்கு நான் உரைப்பது இதுதான்: ஆதிக்கம் செலுத்தும் வீச்சாளனை எப்போது இறக்கவேண்டும் என்பதைத் தாள் சொல்லாது, கூட்டம் சொல்லாது. பொறுப்பாளனின் கால்கள் சொல்லும். அறிவு அறியுமுன் கால் அறிந்தது. சூளுரையை மீறினேன், ஆனால் நீ சொன்ன சொல்லைக் காத்தேன். எனக்கு நான் பேசுவது மட்டுமே தெரியும் என்றாயே, இப்போது என்ன சொல்கிறாய்? வான்கோழியில் தொடைப்பகுதியை எனக்கென ஒதுக்கி வை.

ரோலண்டின் முழங்கால் முழுதும் தேறுக. உன் தோட்டத்துத் தக்காளி மானுக்குத் தப்புக. நம் குடும்பம் கிளைத்துத் தழைக்க என்று நெஞ்சார வாழ்த்தி முடிக்கும்,

உன் வெற்றித் திருவண்ணன்
கோர்டன் ஹால்வர்சன்

பின்குறிப்பு: அஞ்சலில் சேர்க்கும்படி இக்கடிதத்தை உன் மகனிடம் கொடுத்தேன். அவன் சமையலறை மேசையில் உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டு, இடக்கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வலக்கையில் பனிக்கட்டி கட்டியிருந்தது. அது என்னவென்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, ஏழாவதுலயே முழங்கை சுருக்குன்னு இழுத்துருச்சு. சொல்லலாம்னு திரும்புனா எல்லாரும் வானத்தப் பாக்குறீங்க. எழுந்து வந்தா நீங்க கழிப்பறைக்கு ஓடுறீங்க. நானா கைய தூக்கி இறங்குறேன்னா ஊரு என்னையும் லெராய் மாதிரி ஆக்கிடும். நீங்களோ சாகுற வரைக்கும் இறக்கமாட்டேன்னு முழங்கி வச்சிருக்கீங்க. மேட்டுல மூணு கருத்துன்னு ஆரம்பிச்சு ரெண்டோட நடுவர் வெரட்டுனாரு பாருங்க, அப்பதான் பொறி தட்டுச்சு. ரஸ்கிட்ட சொன்னேன், 'மூணாவது என்னன்னு கேளுடா, வானமே இடிஞ்சு விழுந்தாலும் மாமா கோட்டத் தாண்டி வந்துருவாரு'ன்னு."

இன்று காலை ரஸ்ஸோடு மருத்துவரிடம் போய்வந்தானாம். வெறும் வீக்கம், கிழிசல் இல்லை, ஓய்வு போதும், கல்லூரிக்குத் தடையில்லை. இன்னும் ஒரு மட்டையாளனுக்கு வீசியிருந்தால் மறுபடியும் அறுவைக் கத்தியாம். ஆக, உன் மகனை இறக்கியவன் நானல்லன். அவன்தான் என்னை ஏற்றி, அதன்மூலம் தான் இறங்கிக்கொண்டான். மேலே உள்ள பக்கங்களில் 'நான்' என்று வரும் இடங்களையெல்லாம் நீயே அடித்துக்கொள்.

எனினும் அந்த மூன்றாவது கருத்து இன்னும் என் தொண்டையில் நின்றது. அவனை உட்காரவைத்து, கையை உயர்த்தி, இறுதியாக அதைச் சொன்னேன்: "எமெட், கை வலித்தால் என்னிடம் சொல்லிவிடு. ஊரை நான் பார்த்துக்கொள்கிறேன்."

சிரிப்பு நின்றது. நழுவிய பனிக்கட்டிப் பையைக் கையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டான். பிறகு கேட்டான்: "ஏன் மாமா, இத மொதல்ல சொல்லியிருக்கக் கூடாதா?"

நீயே சொல், மார்லிஸ். கோபுரத்தை யாராவது முதலில் கட்டுவார்களா?