பிளெஸ்ஸி டீச்சருக்குப் போட்ட பொன்னாடை

பிளெஸ்ஸி டீச்சரை எங்கள் சங்கத்தில் சேர்க்காமல் முகச்சவரம் செய்வதில்லை என்று சபதம் எடுத்தேன். அன்று வியாழக்கிழமை. மறுநாள் காலையில் என் மனைவி பொற்கொடி, "இந்த மூஞ்சியப் பாத்துட்டு எந்தப் பொண்ணுங்க சேரும்?" என்றாள். சவரம் செய்துகொண்டேன். சபதத்தின் மிச்சம் அப்படியே இருந்தது.

நான் தங்கமுத்து. திருவரங்குளம் ஒன்றியத்தில் ஆசிரியர் சங்கச் செயலாளர். சங்கங்கள் பல இருந்தாலும் களத்தில் இரண்டுதான். ஒன்று எங்களுடையது. இன்னொன்று கோபிநாத்துடையது. இரண்டுக்கும் பழைய ஓய்வூதியம்தான் கோரிக்கை. ஒரே கோஷம். ஒரே பந்தல்காரர். ஆர்ப்பாட்டம் மட்டும் வேறு வேறு நாளில் நடக்கும். கொள்கை வித்தியாசம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

இந்த ஆண்டு எங்கள் ஒன்றியத்துக்கு வந்த புது நியமனம் பிளெஸ்ஸி ஒருவர்தான். புதுக்கோட்டையில் கலந்தாய்வு முடிந்து ஆணையோடு வெளியே வந்தார். வாசலின் வலப்பக்கம் நான் டீயோடு நின்றேன். இடப்பக்கம் கோபிநாத் இளநீரோடு நின்றார். பிளெஸ்ஸி இரண்டையும் குடித்துவிட்டு, இரண்டு பேரிடமும், "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார். நான் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்தேன். கோபிநாத் அந்த வீட்டுக்கு சிலிண்டர் வாங்கிக் கொடுத்தார். நான் கட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பி வருவதற்குள் அதன்மேல் கோபிநாத்தின் மெத்தை கிடந்தது.

மாவட்டச் செயலாளர் அய்யாக்கண்ணு போன் செய்தார்.

"தங்கமுத்து, அந்தப் பொண்ணு அங்கிட்டுப் போயிருச்சுன்னா, ஒன்றியத்த நிலவழகன்கிட்ட குடுத்துர வேண்டியதுதான். இளரத்தம்."

"அண்ணே, எனக்கும் ரத்தம் இருக்குண்ணே."

"இருக்கும்ப்பா. சுகரும் இருக்குல்ல."

செயலாளர் பதவி போய்விட்டால் எனக்கு மிச்சம் இருப்பது ஏழாம் வகுப்புக் கணக்கு மட்டுமே. அன்று இரவு தோசை சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன்.

"பொற்கொடி, ஞாயித்துக்கெழம நம்ம வீட்ல ஒரு சின்ன விருந்து. பிளெஸ்ஸி டீச்சர் வருது. நீதான் பேசி நம்ம சங்கத்துல சேத்துவிடணும்."

"நம்ம சங்கமா? அதுல நானும் இருக்கேனா?"

"வருஷா வருஷம் ஒனக்கும் சேத்து நான்தானே சந்தா கட்டுறேன்."

"நீங்க கட்டிக்கிட்டே இருக்கீங்க. நான் ரெண்டு பஸ் மாறிப் போயிக்கிட்டே இருக்கேன்."

பொற்கொடியும் ஆசிரியைதான். பள்ளிக்கூடம் குளத்தூருக்கும் அங்கிட்டு.

"போன கலந்தாய்வுல நான் உள்ள நிக்கிறேன். நீங்க வாசல்ல ஊருக்கெல்லாம் டீ குடுத்துக்கிட்டு நிக்கிறீங்க. கணவன் மனைவி முன்னுரிமை இருக்கு, இந்தம்மாவுக்குப் பக்கத்துல எடம் குடுங்கன்னு கேக்க ஒங்க சங்கத்துல ஒரு ஆளு உள்ள வந்துச்சா?"

"சொந்தப் பொண்டாட்டிக்குக் கேட்டா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அடுத்தவன் பொண்டாட்டிக்குக் கேட்டா மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

பேச்சுவார்த்தை தோல்வியடைந்துவிட்டது என்று நினைத்தேன். அவளோ கல்லில் அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "சரி, வரச் சொல்லுங்க. நான் பேசுறேன். ஆனா சமையல் நீங்க" என்றாள்.

"நானா?"

"மேடையில பெண்ணுரிமை பேசுறது யாரு? அந்தப் பொண்ணு வந்து பாக்கையில நான் அடுப்படியில வெந்துக்கிட்டுக் கெடந்தா, ஒங்க சங்கத்த எப்படி நம்பும்?"

நியாயமாகத்தான் பட்டது. எனக்கே தோன்றியிருக்க வேண்டிய உத்தி.

ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்தது. நான் அதோடு சேர்ந்து கொதித்தேன். கூடத்திலிருந்து பொற்கொடியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"சங்கம்னா நமக்கு ஒண்ணுன்னா கூட வந்து நிக்கணும் பிளெஸ்ஸி. வாசல்ல நின்னு டீ குடுத்தாப் போதுமா?"

கோபிநாத்தைத் தாக்குகிறாள் என்று புரிந்தது. இளநீர் என்பதை டீ என்று மாற்றிச் சொல்லிவிட்டாள். மற்றபடி அருமையான பேச்சு. இத்தனை காலம் இவளை மேடை ஏற்றாமல் விட்டோமே என்று வெங்காயம் நறுக்கியபடி வருந்தினேன். கண்ணீரும் வந்தது.

சற்று நேரத்தில் பிளெஸ்ஸி அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"சேந்துட்டேன் சார். அக்கா குடுத்த பாரத்துல கையெழுத்தும் போட்டுட்டேன்."

என் கை முழுக்க மசாலா. பாரத்தை வாங்கிப் பார்க்கவில்லை.

"ஒங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு சார். வேற யாரும் இப்படி வீட்டுக்குக் கூப்பிட்டு, சமைச்சும் போட்டு, சேத்துவிட மாட்டாங்க."

"இதெல்லாம் என் கடமைம்மா."

கையைக் கழுவிக்கொண்டு பீரோவிலிருந்து பொன்னாடையை எடுத்தேன். பொற்கொடி தன் போனோடு முன்னால் வந்து நின்றாள்.

"நான் போட்டோ எடுக்குறேன். ரெண்டு பேரும் இங்கிட்டுப் பாருங்க. என்னங்க, நல்லாச் சிரிங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னைச் சிரிக்கச் சொன்னதே இல்லை. எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன். எனக்கு வந்த படத்தை உடனே சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'கோட்டை நமதே' என்று எழுதினேன். நிலவழகன் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். அந்தக் கைகளில் ஒரு வருத்தம் தெரிந்தது.

இலை போட்டு, இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது அய்யாக்கண்ணு அழைத்தார்.

"தங்கமுத்து, கோபிநாத் குரூப்புலயும் ஒன் சிரிப்புதான் ஓடுது. பாத்தியா?"

அதற்குள் யாரோ அதை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். அதே படம். அதே பொன்னாடை. கீழே இப்படி இருந்தது: 'இன்று நம் சங்கத்தில் இணைந்த ஆசிரியை பிளெஸ்ஸிக்குப் பெருந்தன்மையோடு பொன்னாடை அணிவித்த மாற்றுச் சங்கச் செயலாளருக்கு நன்றி. அவருடைய துணைவியாரும் நம்மோடு இணைந்துவிட்டார்.'

"பொற்கொடி, இந்தப் போட்டோ எப்படி அங்கிட்டுப் போச்சு?"

"நான்தான் அனுப்புனேன்."

"யாருக்கு?"

"எங்க செயலாளருக்கு."

"ஒங்க செயலாளர் நான்தானே?"

"நீங்க எங்க வீட்டுக்காரரு. அடுத்த கலந்தாய்வுல எனக்காக உள்ள வந்து நிக்கிறேன்னு கோபிநாத் அண்ணன் சொல்லியிருக்காரு."

பிளெஸ்ஸி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அக்கா, சாருக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. இப்பத் தெரிஞ்சிருச்சு. நீ சாப்புடு."

சாயங்காலமே நிலவழகன் வந்தார். கொடியையும் மைக் செட்டையும் பணிவோடு வாங்கிக்கொண்டார். மிச்சமிருந்த குழம்பை ஒரு தூக்கில் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள் பொற்கொடி. வழியனுப்ப நாலு வார்த்தை பேசலாம் என்று எழுந்தேன். பேசுவதற்கு மைக்தான் இல்லை.

அவர் பைக் தெருமுனை திரும்புவதற்குள் பொற்கொடிக்கு ஒரு போன் வந்தது. சிரித்துச் சிரித்துப் பேசினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கோபிநாத் அண்ணன்தான். ஒங்க கொழம்பப் பத்தி பிளெஸ்ஸி ஒரேயடியாப் புகழ்ந்து சொல்லிருச்சாம். அடுத்த ஞாயிறு எங்க மகளிரணிக் கூட்டத்துக்குச் சமைக்க ஒரு ஆள் வேணுமாம்."

"என்ன நெனச்சுக்கிட்டான் அவன்? நான் யாருன்னு..."

"வாரீங்கன்னு சொல்லிட்டேன். இப்பத்தான் ஒங்களுக்கு வேற பொறுப்பு ஒண்ணும் இல்லையே."