ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு குப்பைமேடு

ஒரு காட்டில் ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. ஆகாயத்தாமரை வந்து அடைத்ததும் நின்றுவிட்டது. அடைப்புக்குக் கீழே மிஞ்சிய குட்டையில் தங்கபுஷ்பம் என்ற தவளையின் பிள்ளைகள் தலைப்பிரட்டைகளாக நெளிந்தன. வெயில் ஏற ஏறக் குட்டை சுருங்கியது.

அந்தக் காட்டில் நீர்நிலைகளைக் காக்க ஒரு தன்னார்வலர் குழு உண்டு. பச்சை பனியன், தொப்பி, வாட்சப் குழு என்று எதற்கும் குறைவில்லை. தலைவர் மயிலார். தங்கபுஷ்பம் போய் அழுததும் அவர் உருகித்தான் போனார். அன்றே கரையில் பலகை நட்டு, ஞாயிற்றுக்கிழமை யானையார் தலைமையில் துப்புரவு முகாம் என்று அறிவித்தார். அதுவரை ஓர் இலையைக்கூடத் தொடக்கூடாதாம்.

“பிள்ளையளுக்கு இன்னும் காலு முளைக்கல அண்ணாச்சி. தண்ணி வத்திட்டா எங்க போவும்?” என்றாள் தங்கபுஷ்பம்.

“அவசரப்பட்டா எப்படிம்மா? முதல்ல அழுக்கா ஒரு போட்டோ, அப்புறம் சுத்தமா ஒரு போட்டோ. ரெண்டும் இருந்தாத்தான் சேவைன்னு நம்புவாங்க” என்றார் மயிலார்.

ஞாயிறு வந்தது, யானையார் வரவில்லை. வேறொரு குளத்தைக் காக்கப் போய்விட்டாராம். முகாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. குட்டையில் சேறு தெரிந்தது. தங்கபுஷ்பம் பக்கத்து வளை நண்டைக் கூப்பிட்டாள். நண்டு வேரை வெட்ட வெட்ட, அவள் கரைக்கு இழுத்துப் போட்டாள். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் சலசலவென்று இறங்கியது. பிள்ளைகள் வாலை ஆட்டியதைப் பார்த்து அவள் அழுதே விட்டாள்.

மறுநாள் வந்து பார்த்த மயிலாரின் தோகை தொங்கிப்போனது. யானையார் வந்தால் எதை அள்ளுவார்? பனியன் போட்ட குரங்குகளை அழைத்து, கரையில் கிடந்ததையெல்லாம் மறுபடி வாய்க்காலுக்குள் தள்ளச் சொன்னார்.

தங்கபுஷ்பம் குறுக்கே போய் நின்றாள். சண்டை போட்டால் பனியன்தான் ஜெயிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“அண்ணாச்சி, தண்ணிக்குள்ள இறங்கினா யானையாருக்கு வழுக்கும்லா? குப்பை கரையிலயே கெடக்கட்டும். இந்த வாரம் அந்தக் கரைக்கு அள்ளுங்க. அடுத்த வாரம் அங்கேருந்து இங்க அள்ளுங்க.”

வாராவாரம் முகாம். வாராவாரம் ரெண்டு போட்டோ. மயிலாரின் தோகை தானாக விரிந்தது.

அந்தக் குப்பைமேடு இன்றும் இருக்கிறது. ஞாயிறுதோறும் கரை மாறுகிறது. வாய்க்காலில் யாரும் கை வைப்பதில்லை, அதனால் அது ஓடிக்கொண்டிருக்கிறது. மயிலாருக்கு நீர்க்காவலர் விருது கிடைத்தது. தங்கபுஷ்பத்தின் கால் முளைத்த பிள்ளைகள் விழாவுக்குக் குதித்து வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டின.

நீதி: வாய்க்கால் பிழைக்க வேண்டுமானால், அதைக் காப்பாற்ற வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு குப்பைமேடு ஒதுக்கிக் கொடுத்துவிடுங்கள்.