மன உறுதிக்கு வெந்நீர் ஆகாது

மனிதர்களில் ஒரு வகை உண்டு. நமக்குக் குளிரெடுத்தால் அவர்களுக்குச் சந்தோஷம். நாம் போர்வையை இழுத்துத் தலை வரை மூடினால் அவர்கள் முகம் சுருங்கும். நாம் இருமினால், இதெல்லாம் ஓர் இருமலா என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்கள். காய்ச்சலென்று படுத்துவிட்டாலோ, கால்மாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கொட்டும் பனியில் ராணுவம் எப்படி நிற்கிறது என்று ஆரம்பித்து, நம் காய்ச்சல் பயந்துபோய் எழுந்து ஓடும்வரை விடமாட்டார்கள். இவர்களுக்கு மன உறுதிக்காரர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். வேலை பார்க்கும் இடத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். வீட்டிலேயே இருந்தால் உங்களுக்கு என் அனுதாபங்கள்.

ராஜலட்சுமிக்கு வீட்டிலேயே இருந்தார்.

பெயர் சௌந்தரராஜன். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி ஆபீசராகச் சேர்ந்து, வாடகை குறைவென்று பேரண்டப்பள்ளியில் குடியிருந்தார். ராணுவத்தில் நெடுங்காலம் இருந்தார் என்பது உண்மை. பனிமலை என்று ஒன்று இருப்பதும் உண்மை. அந்தப் பனிமலைக்கு அனுப்புகிற கம்பளிகளை மூட்டை கட்டும் கிடங்கில், சமவெளியில், நல்ல வெயிலில் அவர் வேலை பார்த்தார் என்பதும் உண்மை. நாட்டுக்கு வேண்டிய வேலைதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் இந்த மூன்றாவது உண்மையை யாரும் கேட்பதில்லை. கேட்காததை அவர் சொல்வதுமில்லை.

ஓசூர்க் குளிரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைக் கடிக்கும். அந்தத் தண்ணீரில்தான் வீட்டில் எல்லோரும் விடிவதற்கு முன் குளிக்க வேண்டும் என்பது ஹவில்தார் உத்தரவு. முதலில் அவர் போவார். முதல் சொம்பை ஊற்றிக்கொள்ளும்போது அவர் போடும் சத்தத்தை, வீட்டை வாடகைக்கு விட்டிருந்த தெலுங்குக்கார அம்மாள் முனிலட்சுமி தமிழில் ஏதோ சுப்ரபாதம் என்றே நம்பியிருந்தாள். அடுத்து மனைவி ராஜலட்சுமி. அதற்கடுத்து பிளஸ் ஒன் படிக்கிற மகள் சத்யப்ரியா. காஸ் அடுப்பில் ஒரு குண்டான் வெந்நீர் வைக்கலாமே என்றால் வைக்க முடியாது; அடுப்பு எரிவதை முன்வாசலில் தண்டால் எடுத்துக்கொண்டே மோப்பம் பிடித்துவிடுவார். அவர் கிளம்பிப் போன பிறகு வைக்கலாமே என்றால், சத்யப்ரியாவின் ஸ்கூல் வேன் அவருடைய கம்பெனி பஸ்ஸுக்கு முன்னாலேயே வந்து நிற்கும்.

"ஏங்க, பிள்ளைக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. ஒரு கீசர் மாட்டிருவோமே. இப்பத்தான் தவணையிலயே தர்றாங்களே."

"வெந்நீர்ல குளிச்சா மனசு ஊறிப்போயிரும்."

"மனசு ஊறுனா காயப்போட்டுக்கலாம். நெஞ்சு சளியில ஊறுனா எங்கங்க காயப்போட?"

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் சௌந்தரராஜன் பனிமலைக்குப் போய்விட்டார். பதில் இல்லாத எல்லாக் கேள்விகளுக்கும் அவர் அங்கேதான் போவார்.

கம்பெனியிலும் இதே கதைதான். தாமதமாக வருகிறவனைக் கேட்டில் வரிசையாக நிறுத்தி மூச்சை அடக்கச் சொல்வார். காரணம் கேட்டால், காரணம் கேட்பதே பலவீனம் என்பார். பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் ஃபைஸான் கிருஷ்ணகிரியிலிருந்து காதை மூடிய குரங்குக் குல்லாவோடு வருவான். "குல்லா உடம்பைக் காப்பாத்தும், மனசை யாருடா காப்பாத்துறது?" என்று தினமும் கேட்பார். அவனும் தினமும் குல்லாவுக்குள்ளிருந்தே சிரித்துவிட்டுப் போவான்.

இப்படி இருக்கையில், கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அந்த வருஷக் கடைசியில், பெர்சனல் மேனேஜர் கமலக்கண்ணன் பெங்களூருக்குப் போய் ஏசி ஓட்டலில் மன உறுதி பற்றி இரண்டு நாள் வகுப்பு கேட்டுவிட்டு வந்தார். மத்தியானச் சாப்பாட்டில் ஐஸ்கிரீம் இருந்ததாகக் கேள்வி. வந்தவர் நேராகச் செக்யூரிட்டி அறைக்குப் போனார். இரண்டு மன உறுதிகள் கைகுலுக்கிக்கொண்டன. சூளகிரியில் ஆரம்பித்துக் கம்பெனி கேட் வரை தொழிலாளர் நெடுந்தூர ஓட்டம் என்று முடிவாயிற்று. ஜெயிப்பவருக்குச் சுழற்கேடயம், மாலை, ஒருநாள் சம்பளத்தோடு லீவு. பனியன் அடிக்கச் செலவாகும் என்பதால் எல்லோரும் கம்பெனி யூனிபாரம் சட்டையிலேயே ஓட வேண்டும்.

பயிற்சி கொடுப்பவர் சௌந்தரராஜன். தினமும் ஷிப்ட் முடிந்ததும் பையன்களை ஓடவிட்டு, தாம் மொபெட்டில் பின்னாலேயே போய், "கால் வலிக்குதுன்னு சொல்றது கால் இல்லடா, மனசு!" என்று கத்துவார். மொபெட் ஓட்டியவருக்குக் கால் வலிக்கவில்லை. அதைத் தம் மன உறுதி என்றே அவர் மனதார நம்பினார். இந்த இனத்தின் விசேஷமே அதுதான். பொய் சொல்லமாட்டார்கள். நம்பிவிடுவார்கள்.

அந்த நம்பிக்கையில் வீட்டிலும் வாயைக் கொடுத்தார்.

"நானே ஓடப்போறேன். ஒரு எடத்துல நிக்காம ஓடி முடிச்சுட்டேன்னா, இந்த வீட்ல கீசர்ங்கிற பேச்சே வரக்கூடாது."

"முடிக்கலேன்னா?" என்றாள் ராஜலட்சுமி.

"மறுநாளே கீசர். ராணுவத்துல இருந்தவன் வாக்கு."

உள்ளறையிலிருந்து சத்யப்ரியா இருமினாள். அது ஆமோதிப்பா ஆட்சேபணையா என்று தெரியவில்லை. ஆனால் அந்த இருமலின் கதி இனி அப்பாவின் கால்களில் இருக்கிறது என்பது மட்டும் மூன்று பேருக்கும் தெரிந்தது.

ஓட்ட நாள் ஞாயிறு. ஏற்றுமதி ஆர்டர் இருந்ததால் ஷிப்டும் உண்டு. குடும்பங்களைத் தனி வேனில் ஏற்றிக் கம்பெனி கேட்டில் பந்தல் போட்டு உட்காரவைத்தார்கள். சூளகிரியில் விசில் ஊதியதும் சௌந்தரராஜன் சிங்கம்போலப் பாய்ந்தார். எல்லோருக்கும் முன்னால் போய், திரும்பிப் பார்த்து, 'லெஃப்ட் ரைட்' சொல்லி, சோர்ந்தவனைத் திட்டி, வேகமாகப் போனவனை அடக்கி, பால்காரருக்கு சல்யூட் அடித்து, மூச்சு முழுவதையும் வாயாலேயே செலவழித்தார். பிறகு மெல்ல நடுவில் வந்தார். பிறகு பின்னால் வந்தார். "முன்னால போறவன் பெரிய ஆளில்லடா" என்று கடைசிப் பையனிடம் சொன்னார். அவனும் அவரைத் தாண்டிப் போய்விட்டான். நாலுவழிச் சாலைக்காகக் கொட்டிவைத்த ஜல்லியும், லாரிப் புகையும், பனியும், அவருமாக மிஞ்சினார்கள். கால் வலித்தது. சொன்னது கால்தான். மனசு எப்போதோ வாயை மூடிக்கொண்டுவிட்டது.

இப்படியாகப் பேரண்டப்பள்ளி வந்தது. அவருடைய சொந்த நிறுத்தம். புளியமரத்தடியில், ஷூ லேசைக் கட்டுவதற்காக மட்டும், குனிந்தார். குனிந்தவர் நிமிர்வதற்குள் கிருஷ்ணகிரியிலிருந்து வரும் கம்பெனி பஸ் வந்துவிட்டது.

கம்பெனி பஸ்ஸுக்கென்று ஒரு தர்மம் இருப்பது சிப்காட்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். சாலையோரத்தில் கம்பெனிச் சட்டை தெரிந்தால் டிரைவர் நிறுத்துவார். ஆளைப் பார்ப்பதில்லை, சட்டைதான் கணக்கு. மூச்சிரைக்க நிற்கும் சட்டை என்றால், பாவம், பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்த சட்டை. டிரைவர் ராமப்பன் சூளகிரி தாண்டியதிலிருந்தே, ஓட்டத்தைப் பாதியில் விட்டுத் திரும்பி நடந்துகொண்டிருந்த சட்டைகளுக்கெல்லாம் நிறுத்தி நிறுத்தி, அவர்கள் கும்பிட்டு வழியனுப்ப, குழம்பிப்போய் வந்துகொண்டிருந்தார். இங்கே ஒரு சட்டை, வழக்கமான மரத்தடியில், வழக்கம்போல நிற்கிறது. அவருக்கு நிம்மதியாயிற்று.

"பேகா ஹத்தி சார்! சீக்கிரம் ஏறுங்க, டைம் ஆச்சு!"

இந்த இடத்தில் சௌந்தரராஜனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருஷக்கணக்காக அதே மரத்தடியில் அதே பஸ்ஸில் ஏறிய கால்கள் அவை. யாரையும் கேட்காமல் ஏறின. கை கம்பியைப் பிடித்தது. அவருடைய ஜன்னலோர சீட் அவருக்காகவே காலியாக இருந்தது. கன்னம் ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. கண் மூடிற்று. மன உறுதி மட்டும் புளியமரத்தடியில் நின்றுவிட்டது. அதற்கு யூனிபாரம் கிடையாது, ராமப்பன் ஏற்றவில்லை.

விழித்தபோது சிப்காட் புகைபோக்கிகள் தெரிந்தன. எங்கே இருக்கிறோம் என்று புரிந்ததும் சீட்டிலிருந்து துள்ளி எழுந்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துப்பா! நான் இன்னைக்கு ஓடுறவன்!"

"அய்யய்யோ, அத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?" ராமப்பன் தலையில் கை வைத்தார். "செரி, ஒண்ணும் ஆவல. டீக்கடை முக்குல எறக்கி வுட்டுர்றேன். அங்கேர்ந்து ஓடிருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"எங்களுக்குத் தெரியும்ல" என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல். "சொல்ல மாட்டோம் சார். ஆனா இனிமேட்டு கேட்ல மூச்ச அடக்கச் சொல்லக் கூடாது."

"லேட்டா வந்தாலும் ரெண்டு நிமிசம் பாக்காத மாரி இருக்கணும்" என்றது இன்னொரு குரல்.

யூனியன்காரர்கள் மாதக்கணக்கில் பேசியும் கிடைக்காததெல்லாம் டீக்கடை முக்கு வருவதற்குள் கிடைத்துவிட்டது. சௌந்தரராஜன் இறங்கினார். நன்றாகத் தூங்கி எழுந்த உடம்பு, குதிரைபோல ஓடிற்று. கேட்டில் கட்டியிருந்த ரிப்பனை நெஞ்சால் அறுத்தார். தவில் முழங்கிற்று. கமலக்கண்ணன் மாலையைப் போட்டு, "பார்த்தீங்களா, இதுதான் மன உறுதி!" என்று மைக்கில் கூவினார். பஸ்ஸில் வந்தவர்கள் ஷெட்டுக்குள் போகாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ராஜலட்சுமி பந்தலிலிருந்து எழுந்து வந்தாள். துண்டை நீட்டியவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வேர்வையே இல்லை. ஆனால் கன்னத்தில் வேறொன்று இருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு காலையிலும் அவள் பார்த்துப் பழகியது.

"கன்னத்துல என்னங்க ரெண்டு கோடு?"

"காத்து. எதிர்க்காத்து."

"காத்துல கம்பி இருந்துச்சா?"

துண்டை அவர் தோளில் போட்டுவிட்டுப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சண்டை போட்டிருந்தால் அவர் சமாளித்திருப்பார். சத்யப்ரியா அம்மாவின் சால்வைக்குள் முகத்தை வைத்து இருமிக்கொண்டிருந்தாள். அப்பா ஜெயித்ததற்கு நடுநடுவே கையும் தட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, சாலைத் திருப்பத்தில் ஒரு குரங்குக் குல்லா தெரிந்தது. ஃபைஸான் தள்ளாடி வந்து நின்றான். அறுந்த ரிப்பனைப் பார்த்தான், மாலையைப் பார்த்தான். கேலியே இல்லாமல், நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டான்.

"சார், என்ன எங்க தாண்டுனீங்க? நான் பாக்கவே இல்லீங்களே?"

கமலக்கண்ணன் மைக்கைச் சௌந்தரராஜனிடம் நீட்டினார். "சொல்லுங்க சார், நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும்."

வாங்கிய மைக் கையில் சில்லென்றது. எந்தப் பனிமலையிலும் அவருக்கு இப்படிச் சில்லிட்டதில்லை. எந்தப் பனிமலைக்கும் போகவில்லை என்பது வேறு விஷயம். எதிர்க்காத்து என்று இன்னொரு தடவை சொன்னால் போதும். கேடயம் வீட்டுக்கு வரும், கீசர் வராது. பந்தலைப் பார்த்தார். மகள் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது, தாங்க முடியாத வெட்கம்.

"நான் யாரையும் தாண்டல" என்றார் மைக்கில். "பேரண்டப்பள்ளியில பஸ் ஏறினேன். தூங்கிட்டேன். முதல்ல வந்தது இந்தப் பையன்தான்."

மாலையைக் கழற்றி ஃபைஸான் கழுத்தில் போட்டார். தவில்காரர் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் பாதியில் கையைத் தூக்கியபடி நின்றார். கமலக்கண்ணன் மட்டும் நம்பிக்கை இழக்காமல், "சார், இதுவும் ஏதாவது மன உறுதிப் பயிற்சியா?" என்று கேட்டார்.

இத்தோடு கதையை முடித்தால் சௌந்தரராஜன் பெரிய மனிதராகிவிடுவார். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் அவருடைய இனம் அதற்கு இடம் கொடுக்க வேண்டுமே!

மறுநாள் கீசர் வந்தது. வாக்கு என்றால் வாக்குதான். முதலில் ராஜலட்சுமி குளித்தாள், பிறகு சத்யப்ரியா. பொங்கலுக்குள் இருமல் நின்றது. கீசர் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒருநாள் உள்ளே போன சௌந்தரராஜன், தண்ணீர் தீரும்வரை வெளியே வரவில்லை. மறுநாளும் சோதித்தார். பிறகு தினமும் சோதித்தார். விடிகாலைச் சுப்ரபாதம் ஏன் நின்றுவிட்டது, உடம்புக்கு ஏதாவதா என்று முனிலட்சுமி வந்து விசாரித்துவிட்டுப் போனாள்.

கேட்டில் மூச்சடக்குவதும் நின்றது. நிம்மதி என்கிறீர்களா? தாமதமாக வருகிறவர்களை இப்போதும் வரிசையாக நிறுத்துகிறார். பனிமலை போய்விட்டது, புதிய கதை வந்துவிட்டது.

"பனியில நிக்கிறது யாரு வேணா நிப்பான்டா. கம்பெனி பூரா பாக்க, பெண்டாட்டி பிள்ளை பாக்க, மைக்கைப் புடிச்சு 'பஸ்ல வந்தேன்'னு சொல்லிப் பாரு! அதுக்கு எவ்வளவு மன உறுதி வேணும் தெரியுமா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மழைக்கு ஆட்டோ கேட்ட பிள்ளையிடம், அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போனோம் என்று சொன்னது யார்? ஃபேன் ஓடவில்லை என்றவளிடம், காற்றெல்லாம் மனசில் இருக்கிறது என்று, ஈசிசேரில் சாய்ந்து விசிறிக்கொண்டே சொன்னது யார்? நான் உங்களைச் சொல்லவில்லை. எதற்கும் ஒரு தடவை எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் நின்று, கன்னத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடு ஏதாவது தெரிகிறதா?