இரண்டு மடங்கு மருந்து

ஒரே ஒரு ஊரிலே, ஆட்களைவிட எல்க் மான்கள் அதிகமாக இருந்த ஊரிலே, ஒரு பொண்டாட்டியும் அவளுக்கு ஒரு புருஷனும் இருந்தார்கள். பொண்டாட்டி பெயர் மார்லிஸ். புருஷனுக்கும் ஒரு பெயர் உண்டு, எம்மெட். அது நான்தான். ஊர் அமெரிக்காவில், மோண்டானாவில் மலையடிவாரம். காலம் ரொம்பப் பழசில்லை, போன அக்டோபர்.

அந்த அக்டோபரில் நான் ஒரு சபதம் எடுத்தேன். இந்த வருஷம் எல்க்கைச் சுடுவது நான்தான். கல்யாணமான மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் வேகிற கறியெல்லாம் மார்லிஸ் சுட்டது. நான் சுட்டது இரண்டே இரண்டு. ஒன்று, ஒரு பைன் மரம். மற்றது, அதற்குப் பக்கத்து மரம்.

குறை என்னிடம் இல்லை, துப்பாக்கியிடம்தான் என்று முடிவுகட்டி ஆர்வில் கடைக்குப் போனேன். ஆர்வில் ஒரு பெரிய துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தார். மேஜை முனகியது.

"ஒத்தைத் தோட்டா துப்பாக்கி தம்பி. ஒரு தடவைக்கு ஒண்ணுதான். சுட்டப்புறம் திறந்து, அடுத்ததை நீயே கையால போடணும்."

"ஒரே தோட்டாவுல விழுந்துடுமா?"

"ஏதாவது ஒண்ணு நிச்சயம் விழும்" என்றார். மானா நானா என்று சொல்லவில்லை.

தோட்டா ஒன்றை உள்ளங்கையில் போட்டார். என் கட்டைவிரல் அதன் பக்கத்தில் குழந்தையாகத் தெரிந்தது.

"ரொம்ப உதைக்குமோ?"

"உன்னைக் குதிரை உதைச்சிருக்கா?"

"இல்லையே."

"அப்ப எதைச் சொல்லி உனக்குப் புரியவைக்கிறது?"

வாங்கிவிட்டேன். விலையை இங்கே எழுதமாட்டேன். இந்தக் கதையை மார்லிஸும் படிப்பாள், மறுபடி ஞாபகப்படுத்துவானேன்?

ஊருக்கு வெளியே பழைய சரளைக் குழி ஒன்று இருக்கிறது. எல்லோரும் சுட்டுப் பழகுகிற இடம். அங்கே போய் ஒரே ஒரு தடவை சுட்டேன். கண்ணைத் திறந்தபோது வானம் தெரிந்தது. தொப்பியைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. வலது தோள் கத்தரிக்காய் நிறம். ஒரு வாரம் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு தூங்கினேன்.

"குளிருதா?" என்றாள் மார்லிஸ்.

"லேசா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கம் பாதிப் பேர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வெடிமருந்து நிரப்பி, மேலே ஈயக்குண்டை அழுத்தி, வீட்டிலேயே செய்துகொள்வார்கள். செய்கிறவன் கையில்தானே அளவு? கொஞ்சமாக மருந்து போட்டால் கொஞ்சமாகத்தானே உதைக்கும்?

திங்கட்கிழமை சாயங்காலம் கராஜுக்குள் புகுந்தேன்.

"அங்கே என்ன பண்றே?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"அலமாரி செய்றேன்!"

இருபது கூடுகளை நட்டுவைத்தேன். பயந்த சுபாவம் என்பதால் மருந்தை முன்கூட்டியே அளந்து, பர்கர் கடையில் சாஸுக்குக் கொடுக்கிற காகிதக் கிண்ணங்களில் வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு கிண்ணம். இருபது தோட்டாவுக்கு, இரண்டு உபரி. ஒவ்வொரு கிண்ணமாகக் கூட்டுக்குள் கொட்டிக்கொண்டு வந்தேன். பாதியில் கதவு திறந்தது. மேஜையை முதுகால் மறைத்தேன். நான் அவ்வளவு அகலமானவன் இல்லை.

"அலமாரி எங்கே?" என்றாள் மார்லிஸ்.

"இன்னும்... யோசனையில இருக்கு."

அவள் என் தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள். "நல்லா யோசி, செல்லம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் செல்லம் என்றால் எனக்கு ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். அவசர அவசரமாக விட்ட இடத்திலிருந்து கொட்டினேன். விட்ட இடம் என்று நான் நினைத்த இடத்திலிருந்து. குண்டுகளை அழுத்தி மூடி, பெட்டியில் அடுக்கி, நிம்மதியாகப் போனேன்.

செவ்வாய் காலையில் மேஜையைத் துடைக்கப் போனவன் அப்படியே நின்றேன். இரண்டு கிண்ணம் மிஞ்சியிருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது.

தரையில் தேடினேன். சிந்தவில்லை. அப்படியானால் அந்த மருந்து எங்கே? ஏதோ ஒரு தோட்டாவுக்குள். ஏற்கெனவே மருந்து இருந்த தோட்டாவுக்குள். பெரிய கூடு, குறைந்த அளவு. இரண்டு மடங்கு கொட்டினாலும் வழியாது, வெளியே தெரியாது. சுட்டால் தெரியும். குழாய் பிளந்து சுட்டவர் முகத்துக்கே வரும்.

எடை போட்டுப் பார்த்தேன். மூன்று இடத்தில் பொறுக்கிய கூடுகள், ஒன்றுக்கொன்று எடை ஒட்டவில்லை. இருபதும் திருட்டு முழி முழித்தன.

பிரிக்க வழி இருக்கிறது. தோட்டாவை அதற்கென்று உள்ள சுத்தியலுக்குள் மாட்டித் தரையில் ஓங்கி அடித்தால் குண்டு கழன்றுவிடும். அதனால் வெடிக்காது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. புத்தகம் எழுதினவர் என் கராஜில் வந்து நிற்கப் போவதில்லையே! ஒன்றை மாட்டினேன். சுத்தியலை ஓங்கினேன். கை இறங்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியிலேயே வைத்தேன். புதன்கிழமையும் நாளைக்கு என்றேன். வியாழக்கிழமையும் அதே. மார்லிஸிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் துப்பாக்கியைச் சொல்ல வேண்டும், விலையைச் சொல்ல வேண்டும், தோளைக் காட்ட வேண்டும். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தேன். கராஜில் துப்பாக்கி இல்லை. பெட்டி இல்லை. சமையலறை மேஜையில் ஒரு சீட்டு: "உன் துப்பாக்கியையும் தோட்டாவையும் எடுத்துக்கிட்டு சரளைக் குழிக்குப் போறேன். சுட்டுப் பாக்கணும். சூப் அடுப்புல இருக்கு." சீட்டு பறக்காமல் இருக்க மேலே அவளுடைய போனை வைத்திருந்தாள்.

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. அவள் முகம் மட்டும் கண்முன் நின்றது. இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு உண்டு. அது மறுபடி மறுபடி வந்தது. கடவுளே, துப்பாக்கியை ஆற்றில் போட்டுவிடுகிறேன். கடவுளே, அவள் சுடுகிற மானையெல்லாம் காலம் முழுக்க நானே முதுகில் சுமக்கிறேன்.

குழிக்கு அரை மைல் முன்னால் சத்தம் கேட்டது. டுமீல்.

வண்டி போகிற இடம்வரை ஓட்டி, இறங்கி ஓடினேன். டுமீல். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு, அடுத்தது கேட்க வேண்டுமே என்று வேண்டினேன். அடுத்தது கேட்டதும், ஐயோ ஏன் கேட்டது என்று அழுதேன். "மார்லிஸ்! சுடாதே!" என்று கத்தினேன். என் குரல் பிறவியிலேயே மெல்லிய குரல். ஒரு காக்கைகூடத் திரும்பவில்லை. டுமீல். ஏழு. டுமீல். எட்டு.

அப்புறம் ஒன்றுமில்லை.

அந்த அமைதி இருக்கிறதே, அது எட்டு வெடியையும்விடப் பெரிய சத்தம். கால் பின்ன, முட்டி சிராய்க்க, குழியின் மேட்டில் ஏறி எட்டிப் பார்த்தேன்.

மார்லிஸ் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சரளையில் சறுக்கிக்கொண்டே போய் அவள் காலடியில் விழுந்தேன். விழுந்த இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். துப்பாக்கி, விலை, தோள், இல்லாத அலமாரி, மிஞ்சாத கிண்ணம், இறங்காத சுத்தியல், எல்லாம். ஒரே மூச்சில்.

அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காதுமேல் மாட்டியிருந்த மூடியைக் கழற்றினாள்.

"ஒண்ணும் கேக்கல. முதல்ல இருந்து சொல்லு."

முதலிலிருந்து சொன்னேன். விலையை மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன்.

"ஆர்வில் வேற தொகை சொன்னாரே?"

அதையும் சரியாகச் சொன்னேன்.

"பதினாலாவதுலதான் இருந்துச்சு" என்றாள்.

"எது?"

"ரெண்டு மடங்கு மருந்து. புதன்கிழமை நீ வேலைக்குப் போனதும் இருபதையும் அடிச்சுப் பிரிச்சேன். எல்லாத்தையும் திரும்ப அளந்து போட்டேன். இப்ப சுட்டது அதுதான்."

"உனக்கு... எப்படித் தெரியும்?"

"கதவைத் திறந்தப்பவே தெரியும். காலிக் கூட்டைக் கவுத்து வெக்கணும், மருந்து போட்டதை நிமித்தி வெக்கணும். எங்கப்பா மேஜையில ஆறு வயசுல நான் பண்ணின வேலை அது. உன்னோடது எல்லாமே நிமிந்துக்கிட்டு நின்னுச்சு. எது காலி, எது ரொம்பினதுன்னு உனக்கே தெரியாதுன்னு புரிஞ்சுபோச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீதான் அலமாரின்னியே. அலமாரிக்கு மருந்து போடுறதைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"அப்ப இந்தச் சீட்டு, போனை விட்டுட்டு வந்தது..."

"நீயா வந்து சொல்வேன்னு நாலு நாள் பாத்தேன் எம்மெட்." இந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் மாறியது. "அந்தப் பெட்டி தொறந்தேதான் கிடந்துச்சு. நான் பாட்டுக்குத் தெரியாம எடுத்துச் சுட்டிருந்தா?"

அவள் காபியை என் கையில் வைத்தாள். பாதி சரளைக்குப் போனது.

"கண்ணு ரெண்டும் இருக்கு, பாத்துக்க" என்றாள். பார்த்தேன். இரண்டும் இருந்தன. புருவத் தழும்பும் இருந்தது. நான் அழுதேன் என்று அவள் ஊரில் சொல்கிறாள். காற்றில் தூசி.

அவள் எழுந்தாள். மிச்சத் தோட்டாக்களைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். துப்பாக்கியைத் துடைத்துத் தோளில் மாட்டினாள். அவள் தோளில் அது எடையே இல்லாதது போலத் தொங்கியது.

"நல்ல துப்பாக்கி. உதைக்கவே இல்ல. நாளைக்கு மலைக்கு நான் இதைத்தான் எடுத்துட்டுப் போறேன். யாராவது கேட்டா, பொண்டாட்டிக்கு ஆசையா வாங்கிக் கொடுத்தேன்னு சொல்லிக்க. பெரிய மனசுக்காரன்னு பேர் வரும்."

சொல்லிவிட்டு மேட்டில் ஏறித் தன் வண்டியைப் பார்த்து நடந்தாள். என் துப்பாக்கியைக் கொண்டுபோகிற அந்த முதுகைப் பார்த்து நான் சொன்னது ஒரே வார்த்தை. "நன்றி."