ஏழாவது தவளை

"ஏழாவது தவளை என்னோடது இல்ல சார்" என்றார், குளத்துத் தவளைகளின் குரல்களைக் கைபேசியில் பதிவு செய்து கொடுத்திருந்த பேராசிரியை.

நூலகர் நிமிர்ந்து பார்த்தார். பல்கலைக்கழகத்தின் திறந்த ஆய்வுக் களஞ்சியத்துக்கு அவர்தான் பொறுப்பு. யார் எந்த ஆய்வைக் கொடுத்தாலும் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுவார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். தன் கையால் ஒரு தப்பான கோப்புகூட அதில் ஏறியதில்லை என்று தினமும் ஒருவரிடமாவது, அவர் கேட்காமலேயே, சொல்லிவிடுவார்.

"நல்லாக் கேட்டீங்களா மேடம்? ஜலதோஷம் புடிச்ச தவளையா இருக்கும்."

"தவளைக்கு ஜலதோஷம் புடிக்கலாம் சார். ஆனா என் குளத்துல கடிகாரம் மணி அடிக்காது. அதுக்கு மேல நான் கேக்கவே இல்ல."

அறியாதவர்களை மன்னிக்கிற புன்னகையோடு நூலகர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதலில் நீண்ட உறுமல். பிறகு ஒரு விசில். பிறகு யாரோ பலகை அறுத்தார்கள். கடைசியில் ஒரு கடிகாரம் அடித்து ஓய்ந்து, கொஞ்சம் யோசித்து, இன்னும் ஒரு தடவை அடித்தது.

யோசித்து அடிக்கிற கடிகாரம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. கல்யாணத்துக்கு மச்சான் கொடுத்தது. அது நூலகர் வீட்டுப் படுக்கையறையில் தொங்குகிறது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டார். மேற்கொண்டு கேட்க அவருக்குத் தெம்பில்லை.

விஷயம் இதுதான். அவர் குறட்டை விடுகிறார் என்பது மனைவியின் கட்சி. இல்லவே இல்லை என்பது அவர் கட்சி.

"நானா? ராத்திரி பாதித் தூக்கத்துல எழுந்து தண்ணி குடிக்கிறவன் நான். மேல்வீட்டுக்காரன் நேரங்கெட்ட நேரத்துல மோட்டார் போடுறது எனக்குக் கேக்குது. உனக்குக் கேக்குதா?"

"எனக்கு ஒரு மோட்டாரும் கேக்கலை."

"அப்ப அசந்து தூங்குறது யாருன்னு நீயே சொல்லு!"

அந்த மோட்டாருக்காக மேல்வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்டவர் அவர். போன வாரம் வாக்குவாதம் முற்றியதில், "நிரூபிச்சுக் காட்டு. ஊரறிய ஒத்துக்கிட்டு ஹால் சோபாவுக்கே போயிடறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டார். அந்தச் சோபாவில் ஒரு ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருக்கும். உட்கார வந்த விருந்தாளிகளைச் சீக்கிரம் கிளப்பிவிடுவதற்காகவே அதைச் சரிசெய்யாமல் வைத்திருந்தார்கள்.

மனைவி சும்மா இருப்பவர் இல்லை. கைபேசியைத் தலைமாட்டில் வைத்துப் பதிவு செய்து, காலையில் தொடக்கத்தை மட்டும் கேட்டுப் பரம திருப்தியோடு கணவருக்கு அனுப்பிவைத்தார். அவரோ கேட்க மனமில்லாமல், தவளைகளை இறக்கிய அதே கணினியில் அதே இடத்தில் இறக்கி வைத்தார். கைபேசிக்கு என்ன தெரியும்? தவளையும் 'பதிவு 7', குறட்டையும் 'பதிவு 7'.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். சின்ன விஷயம். இப்பவே எடுத்துடறேன்."

எடுக்க முடியாது. களஞ்சியத்தில் ஏறியது ஏறியதுதான். ஒவ்வொன்றுக்கும் நிரந்தர எண் உண்டு. திருத்திய பதிப்பை மேலே வைக்கலாமே தவிர, பழையது அடியில் அப்படியே இருக்கும். இப்படியொரு கறாரான விதியை எழுதிய புண்ணியவான் வேறு யாருமில்லை, நம் நூலகரேதான். கண்ணாடிச் சட்டம் போட்டு எதிர்ச்சுவரில் மாட்டியும் வைத்திருந்தார்.

சரி, திருத்திய பதிப்பே இருக்கட்டும் என்று உண்மையான ஏழாவது தவளையை ஏற்றினார். மாற்றத்துக்குக் காரணம் சொல்லாமல் கணினி நகர மறுத்தது. "வேறோர் உயிரினத்தின் ஒலி தவறுதலாகச் சேர்ந்துவிட்டது" என்று எழுதினார். ஒரு வார்த்தை பொய்யில்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு டீ வரவழைத்தார்.

டீ ஆறுவதற்குள், எந்தக் கோப்பு மாறினாலும் தகவல் வேண்டும் என்று பதிந்துவைத்திருந்த அத்தனை ஆய்வாளர்களுக்கும் அறிவிப்பு தானாகவே பறந்துவிட்டது. அதுவும் அவர் செய்த ஏற்பாடுதான்.

அந்தக் களஞ்சியத்தில் இல்லாதது கிடையாது. எறும்புகள் வரிசை மாறுவது பற்றிய சுவரொட்டி இருந்தது. கொட்டாவியைப் பற்றித் தலையணை கனத்தில் ஓர் ஆய்வேடு இருந்தது. அதைச் சரிபார்த்த அன்று நூலகர் வாயை மூடவே இல்லை. பாலத்து விரிசல்களின் படங்கள், நடனக்காரர்களின் கால்தடத்தை அளந்த வரைபடங்கள். தோற்றுப்போன பரிசோதனைகளை மட்டுமே பெருமையாகக் கொண்டுவந்து கொடுக்கும் ஒரு வேதியியல்காரர்கூட உண்டு. எவ்வளவு விசித்திரமான கோப்பாக இருந்தாலும் அதற்கென்று எங்கோ ஒருவர் காத்திருப்பார் என்பது நூலகரின் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கை இப்போது பலித்துத் தொலைத்தது.

"என்ன உயிரினம்?" என்று முதலில் கேட்டவர் கொட்டாவிக்காரர். "இந்த அதிர்வு ஆபத்தானது, அந்த மிருகத்தைப் பழைய பாலங்கள் பக்கம் விடவேண்டாம்" என்று எழுதினார் பாலத்துப் பொறியாளர். கடல் கடந்து ஒரு விலங்கொலி நிபுணர் உருகி உருகி எழுதியிருந்தார்: "மணியோசைக்கு முன் வரும் குரல் சுமார் ரகம். பின் வரும் குரல் அபாரம். உங்கள் மொழி தெரியாது, ஆனால் அருகிலேயே ஒரு மனிதர் பேசுகிறார் என்பது புரிகிறது. அந்த உயிரினம் துளியும் அஞ்சவில்லை! அதன் வாழிடம் எது?"

மனிதர் என்றால் மனைவிதான், பக்கத்தில் உட்கார்ந்து திட்டியிருப்பாள் என்று நூலகர் முடிவு கட்டினார். அதோடு விட்டிருக்கலாம். ஆர்வத்தை அணைத்துவிடுவோம் என்று, "வீட்டில் இருப்பதுதான். முக்கியமானதல்ல" என்று எல்லாருக்கும் பதில் போட்டார்.

அவ்வளவுதான். மூன்று ஆய்வாளர்கள் சேர்ந்து, 'வீட்டுக்குள் வாழும் பெருவிலங்கு: ஒரு முதற்கட்ட ஆய்வு' என்று கட்டுரையே எழுதிக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதைச் சரிபார்க்க வேண்டியவர் நூலகர். மேற்கோள், அட்டவணை, கையொப்பம் எல்லாம் விதிப்படி கச்சிதமாக இருந்தன. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு அதையும் ஏற்றினார்.

மறுநாள் துணைவேந்தர் கூப்பிட்டனுப்பினார்.

"நம்ம களஞ்சியத்துலயே இந்த வருஷம் அதிகம் பேர் இறக்கிக் கேட்டது எது தெரியுமா? ஏழாவது தவளை, பழைய பதிப்பு! வெள்ளிக்கிழமை ஆய்வு நாள் விழாவுல மேடையில போடுறோம். பேராசிரியை விளக்கம் சொல்லுவாங்க."

"சார், அது வந்து..."

"அடக்கமெல்லாம் அப்புறம் காட்டுங்க. உங்க வீட்டம்மாவுக்கு நானே போன்ல சொல்லிட்டேன். முதல் வரிசை!"

வீட்டுக்குப் போனால் மனைவி சோபாவுக்குப் புது உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நான் அனுப்பினதைக் கேட்டீங்களா இல்லையா?"

"விழா முடியட்டும்."

"முடியட்டும், முடியட்டும். சோபா எங்கயும் ஓடிப்போகாது."

வெள்ளிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. பேராசிரியை குறிப்புகளோடு மேடையேறிப் பதிவைப் போட்டார். உறுமல் வந்தது, விசில் வந்தது, பலகை அறுபட்டது. கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. கடிகாரம் அடித்து ஓய்ந்து, யோசித்து, மறுபடி அடித்தது.

முதல் வரிசையில் மனைவி விருட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நூலகருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பயந்து பயந்து சாவதைவிட ஒரேயடியாக மானம் போவது மேல் என்று அந்தக் கணத்தில் தோன்றியது. ஒரே தாவாக மேடையேறிப் பதிவை நிறுத்தி, மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். தப்பான கோப்பை ஏத்தினது நான்தான். அதுல உறுமுற மிருகமும் நான்தான். என் சம்சாரம் சொன்னதுதான் சரி. நான் குறட்டை விடறேன்!"

சிரிப்பில் அரங்கம் குலுங்கியது. சிரிப்பு கைதட்டலாக மாறியது. துணைவேந்தரே எழுந்து நின்று தட்டினார். நூலகருக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. சோபாவில் படுத்தாலும் நிம்மதியாகப் படுக்கலாம்.

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. பின்வரிசையைத் திரும்பிப் பார்த்து, "எத்தனை வருஷமா சொல்றேன் தெரியுமா? இப்பதான் வாயத் தொறந்து ஒத்துக்கிட்டாரு!" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி.

பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த குறிப்பைப் பார்த்தார், நூலகரைப் பார்த்தார், சங்கடத்தோடு முதல் வரிசையைப் பார்த்தார்.

"சார் குரல் மணிக்கு முன்னாடி வர்றது மட்டும்தான். உலகமே கேட்டு எழுதினது மணிக்கு அப்புறம் வர்றது. இன்னிக்குக் காலையிலதான் முழுசாக் கேட்டேன் மேடம்... அந்தச் சத்தத்துக்கு நடுவுல சார் எழுந்து போய்த் தண்ணி குடிச்சிட்டு, 'மேல்வீட்டுக்காரன் மறுபடியும் மோட்டாரைப் போட்டுட்டான்'னு திட்டுறது தெளிவாக் கேக்குது!"