விழுங்குவதற்கு ஆட்சேபணை இல்லை

உலகத்தில் குழந்தைகள் பத்திரமாக வளர்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று தடுப்பூசி. இன்னொன்று, அரசுக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே இயங்கிவந்த ‘சிறார் திரைப்படப் பொருத்தம் ஆராயும் நிலைக்குழு’. தடுப்பூசியாவது ஒரு நாள் காய்ச்சலுக்குப் பழி சுமக்கும். குழு எந்தப் பழியையும் சுமந்ததில்லை.

குழுவில் மூன்று பேர். தலைவர், எடை அளவைத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். தராசு முள் நடுவில் நிற்காத எதையும் நம்ப மாட்டார். அடுத்தவர் குழந்தை மனநல நிபுணரான ஓர் அம்மையார். குழந்தைகளைப் பற்றி இரண்டு தடித்த புத்தகங்கள் எழுதியவர்; குழந்தைகளின் இரைச்சல் ஒத்துக்கொள்ளாததால் இரண்டையும் ஒரு மலை விடுதியில் தங்கி எழுதினார். மூன்றாமவர் நன்னெறிப் பாடநூல்கள் ஒன்பதுக்கு ஆசிரியர். எல்லோரும் அவரைப் ‘பாடநூல் ஐயா’ என்பார்கள்.

இவர்கள் திருவாய் மலர்வதையெல்லாம் குறிப்பேட்டில் ஏற்றுவது ஒரு பெண்ணின் வேலை. பதினொரு வருடமாக ஏற்றுகிறாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் குறிப்பம்மா. கூட்டத்தில் அவள் பேசக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. பேசினால் என்ன ஆகும் என்று அவளும் சோதித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அன்று காலை மகளின் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து விடுமுறை விட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அந்த ஐந்து வயது வாலுவையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு குறிப்பம்மா அலுவலகம் வந்தாள். ஆனால் குழுவின் விதி நான்கு தெளிவாகச் சொல்கிறது: குழந்தைகளுக்குப் பொருத்தமானதா என்று முடிவாகாத படத்தைக் குழந்தைகள் பார்க்கலாகாது. ஆகவே அந்த அறைக்குள் இதுவரை எந்தக் குழந்தையும் கால் வைத்ததில்லை. இதைக் குழு தன் ஆண்டறிக்கையில் பெருமையோடு குறிப்பிடுவதுண்டு.

“என்கிட்ட விட்டுட்டுப் போங்கக்கா,” என்றார் படம் ஓட்டுபவர். அவருடைய அறை பின்சுவருக்கு அப்பால் இருந்தது. “இந்த ஸ்டூல்ல உக்காரவெச்சுக்கறேன். சத்தம் போடாம இருக்குமா?”

“இருக்கும்,” என்றாள் குறிப்பம்மா. அரசு ஊழியர் என்ற முறையில் அவள் சொன்ன முதல் பொய் அது.

அன்றைய படம் ஒரு மாயக்கதை. களிமண் பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒரு பெண் இயக்குநர் நான்கு வருடம் உட்கார்ந்து எடுத்தது. ராட்சசனின் கன்னத்தில் அவளுடைய கட்டைவிரல் ரேகை அப்படியே தெரிந்தது. கதை இதுதான்: குன்றின் மேல் இருக்கும் முந்நூறு வயது ராட்சசன் அடிவாரத்து ஊரையே ஒவ்வொருவராக விழுங்கிவிடுகிறான். தையற்காரர், தபால்காரர், ஒரு கழுதை, யாரையும் விடவில்லை. மிஞ்சியது ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் விளக்கை எடுத்துக்கொண்டு தானாகவே அவன் தொண்டைக்குள் இறங்குகிறாள். உள்ளே ஊரார் இருட்டில் சங்கம் அமைத்து, அதற்குச் செயலாளரும் தேர்ந்தெடுத்து நிம்மதியாக இருக்கிறார்கள். “உக்காரும்மா, போகப் போகப் பழகிடும்,” என்கிறார்கள். அவள் உட்காரவில்லை. ராட்சசனின் விலாவில் உள்ளேயிருந்தே கிச்சுகிச்சு மூட்டுகிறாள். அவன் சிரித்துச் சிரித்துத் தும்ம, ஊர் மொத்தமும் வெளியே வந்து விழுகிறது, கழுதை உட்பட.

ராட்சசன் முதல் கொட்டாவி விட்டபோது தலைவர் துள்ளியதில் தேநீர் அவர் கால்சட்டையில் கொட்டியது. அதே நேரம் பின்சுவரின் சின்ன ஜன்னலுக்கு அப்பாலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது.

“என்ன சத்தம் அது?” என்றார் தலைவர்.

“மெஷின் சார். கொஞ்சம் பழசு,” என்றார் படம் ஓட்டுபவர்.

படம் முடிவதற்குள் மெஷின் பதினேழு தடவை சிரித்தது. ஒரு தடவை கைகூடத் தட்டியது.

விளக்கு போட்டதும் விவாதம் தொடங்கியது. இயக்குநர் மேசையின் கடைசியில், நகக்கண்ணில் களிமண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்,” என்றார் தலைவர். “படம் பயங்கரமா இருக்கு. குழந்தைங்க நடுங்கிடுவாங்க.” கால்சட்டையில் இருந்த ஈரத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார்.

“அப்போ ராட்சசனைக் குறைக்கணுமா சார்?” என்றாள் இயக்குநர்.

“அவரை எதுக்கும்மா குறைக்கணும்?” என்று குறுக்கிட்டார் பாடநூல் ஐயா. “நான் கவனிச்சுப் பார்த்தேன். சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவறார். வாயில வெச்சுக்கிட்டுப் பேசறதில்லை. மிச்சம் வைக்கறதில்லை. என் மூணாம் வகுப்புப் புத்தகத்துல நான் எழுதினதெல்லாம் அவர்கிட்ட இருக்கு. என் கவலை அந்தப் பொண்ணைப் பத்தித்தான். பெத்தவங்க அனுமதி இல்லாம வீட்டைவிட்டுக் கிளம்பறா!”

“பெத்தவங்களை ராட்சசன் விழுங்கிட்டான் ஐயா. அவன் வயித்துக்குள்ளதான் இருக்காங்க.”

“ஒரு கடுதாசியாவது எழுதி வெச்சிருக்கலாமே.”

“யாருக்கு?”

“அது முக்கியம் இல்லைம்மா. பழக்கம்தான் முக்கியம்.”

குறிப்பம்மா எழுதினாள்: சிறுமி வீட்டைவிட்டுக் கிளம்பும் காட்சி நீக்கப்பட வேண்டியது.

அடுத்து சிறுமியின் கைவிளக்கு வெட்டுப்பட்டது. குழந்தைகள் நெருப்பைத் தொடலாகாது. பிறகு வசனம். சிறுமி ராட்சசனைப் பார்த்து ‘டேய், வாயைத் தொற!’ என்கிறாள்.

“முந்நூறு வயசுப் பெரியவரை!” பாடநூல் ஐயாவுக்குக் குரல் தழுதழுத்தது. “‘தயவுசெய்து வாயைத் திறங்க’ன்னு கேட்டா அவர் திறக்க மாட்டாரா? திறக்கறதுதானே அவர் தொழிலே!”

நிபுணர் அதுவரை கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று குழு நினைத்தால், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். இம்முறை அவர் கண்ணைத் திறந்தார். “எனக்கு ஒரே ஒரு ஆட்சேபணைதான். கிச்சுகிச்சு. அடுத்தவங்க உடம்பை அவங்க சம்மதம் இல்லாம தொடறா. குழந்தைங்க மனசுல இது ரொம்ப ஆழமாப் பதியும்.”

“மேடம், அவன் ஒரு ஊரையே விழுங்கியிருக்கான். அது…?”

“அது பசி. இயற்கையான தேவை. கிச்சுகிச்சு தேவையே இல்லாதது.”

“தவிர ரத்தம் வரல்லை,” என்று தலைவர் நியாயத்தை எடைபோட்டார். “மெல்லாம முழுசா விழுங்கறார். வன்முறைன்னு சொல்ல முடியாது.”

இயக்குநர் தன் கைகளைப் பார்த்தாள். குறிப்பம்மா அவளைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த ‘மெஷின்’ சுவருக்கு அந்தப் பக்கம், ஆறடி தூரத்தில் இருந்தது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாகக் குறிப்பம்மாவின் பேனா நின்றது.

“சார்… ஒரு குழந்தைகிட்டக் கேட்டுப் பார்த்தா…”

மூவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். நாற்காலி பேசினால்கூட இவ்வளவு வியப்பு இருந்திருக்காது.

“குழந்தைங்ககிட்டக் கேட்டா குழந்தைத்தனமாத்தான்மா பதில் வரும்,” என்றார் தலைவர் கனிவாக. “எழுதுங்க.”

குறிப்பம்மா எழுதினாள். அந்த மாதச் சம்பளம், மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பேனாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. பேனாவை மூடும்போது மட்டும் அவளால் இயக்குநரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒன்றேகால் மணி நேரப் படம் இருபத்திரண்டு நிமிடமாகச் சுத்திகரிக்கப்பட்டு, ‘எல்லா வயதினருக்கும் ஏற்றது; குறிப்பாகச் சிறாருக்கு’ என்ற சான்றிதழோடு வெளியே போனது.

வீட்டில் வாலு ஓயவில்லை. தலையணை உறைக்குள் தலையை விட்டுக்கொண்டு “டேய், வாயைத் தொற!” என்று கத்தியது. “அம்மா, அந்தப் படத்தை எனக்குப் பெரிய தியேட்டர்ல காட்டு” என்று நச்சரித்தது. குறிப்பம்மா “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று மூன்று வாரம் ஓட்டினாள். வாக்குக் கொடுத்தது அவள் வாய். வெட்டி எழுதியது அவள் கை. கடைசியில் வாய் வென்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இருவரும் போனார்கள்.

அரங்கு நிறையக் குழந்தைகள். கால் தரையில் எட்டாத கூட்டம். ராட்சசன் வந்தான். கை கழுவினான். தையற்காரரை விழுங்கினான். குழந்தைகள் சிரித்தார்கள். தபால்காரரை விழுங்கினான். சிரிப்புக் குறைந்தது. கழுதையை விழுங்கினான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஊரில் கடைசி வீட்டின் கதவு திறந்தே கிடந்தது. ராட்சசன் வாயைத் துடைத்துக்கொண்டு, குன்றின் மேல் சாய்ந்து, ஒழுக்கமாகத் தூங்கிப்போனான். ‘சுபம்’ என்று திரையில் எழுத்து வந்தது.

பிறகு மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தை விசும்பியது. அதைப் பார்த்து அடுத்தது. நெருப்புப் பற்றுவதுபோல் அழுகை வரிசை வரிசையாக ஏறி வந்தது.

“பொய்!” என்று ஒரு குரல் கேட்டது. குறிப்பம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் பெற்ற வாலு இருக்கையின் மேல் ஏறி நின்றிருந்தது. “முடியலை! இன்னும் முடியலை! அவ வருவா!”

அழுகை சட்டென்று நின்றது. “யாரு?” என்றான் முன்வரிசையில் ஒருத்தன்.

“ஒரு அக்கா! விளக்கு எடுத்துக்கிட்டு வருவா. அவன் வாயில கை வெச்சு, டேய் வாயைத் தொறன்னு சொல்லுவா!”

“அப்புறம்?” என்றன நாற்பது வாய்கள்.

டார்ச் விளக்கோடு அரங்கு ஊழியர் ஓடி வந்தார். “உங்க குழந்தையா? உக்காரச் சொல்லுங்கம்மா. விளம்பரம் போடணும்.”

குறிப்பம்மா கையை நீட்டினாள். இழுத்து உட்காரவைக்கத்தான் நீட்டினாள். நீண்ட கை, மகள் விழுந்துவிடாமல் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

“கதை முடியட்டும்ங்க,” என்றாள். தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

ராட்சசன் தும்மிய இடத்தில் அரங்கே தும்மியது. ஒருவரையொருவர் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டு குழந்தைகள் நாற்காலிகளுக்கு நடுவே உருண்டார்கள். ஆறு கைப்பிடிகள் உடைந்தன.

புதன்கிழமை குழு அவசரமாகக் கூடியது. தியேட்டர் மேலாளரின் புகாரைத் தலைவர் வாசித்தார். “‘சுமார் ஐந்து வயதுள்ள பெண் குழந்தை ஒன்று, சான்றளிக்கப்பட்ட கதைக்கு மாறான ஒரு கதையைப் பரப்பியது. உடனிருந்த தாய் அதைத் தாங்கிப் பிடித்தார்.’ பாத்தீங்களா? இப்படியும் தாயாருங்க இருக்காங்க!” ஆதரவு தேடிக் குறிப்பம்மாவைப் பார்த்தார்.

குறிப்பம்மா தலையை நிமிர்த்தினாள். “நான்தான் சார் அது. அது என் பொண்ணு. முழுப் படத்தையும் அவ பார்த்திருக்கா. அன்னிக்குச் சிரிச்சது மெஷின் இல்லை.”

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு வேலை போய்விட்டது என்றே தோன்றியது. ஆனால் இப்படி முகம் கோணாமல் குறிப்பெழுத வேறு ஆள் கிடைக்காது என்பதும், விதி நான்கு தங்கள் மூக்கின் கீழேயே மீறப்பட்டது வெளியே தெரிந்தால் ஆண்டறிக்கை என்ன ஆவது என்பதும் தலைவருக்கு உடனே உறைத்தன. நிபுணர்தான் முதலில் வாய் திறந்தார், நோயாளியின் உறவினரிடம் பேசும் மெல்லிய குரலில்.

“எவ்வளவு நாளா இப்படி?”

“எப்படி மேடம்?”

“மாட்டிக்கிட்டவங்களை வெளிய கொண்டுவரணும்னு குழந்தைக்குத் தோணறது.”

“பொறந்ததுலேருந்தே.”

நிபுணர் வருத்தத்தோடு தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின் குழு வரலாற்றில் இடம்பெறும் முடிவை எடுத்தது. படம் குழந்தைகளுக்கு முற்றிலும் பொருத்தமானது. குழந்தைகள்தாம் படத்துக்குப் பொருத்தமாக இல்லை. ஆகவே இனிமேல் படங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தால் போதாது. அரங்குக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு விண்ணப்பப் படிவம் வேண்டும். கேள்விகளைத் தலைவர் சொல்லச் சொல்லக் குறிப்பம்மா தட்டச்சு செய்தாள். குழந்தை கேள்வி கேட்குமா? சொன்ன இடத்தில் உட்காருமா? இருட்டு பழகிவிட்டதா?

ஏழாவது கேள்வியைத் தலைவர் இப்படிச் சொன்னார்: “‘விழுங்கும் காட்சியின்போது குழந்தை அமைதி காக்குமா?’”

குறிப்பம்மா ஒரு நொடி விரல்களை நிறுத்தினாள். பிறகு, பதினொரு வருடத்தில் முதல் முறையாக, சொன்னதில் ‘காட்சி’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டுத் தட்டினாள்: ‘விழுங்கும்போது குழந்தை அமைதி காக்குமா?’

படிவத்தைத் தலைவர் மூன்று முறை படித்தார். நிபுணர் மூன்று முறை படித்தார். பாடநூல் ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான்காவது முறையும் படித்து, ஐந்தாம் கேள்வியில் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினார். வேறு பிழை எதுவும் இல்லை என்று மூவரும் கையெழுத்திட்டார்கள்.