எதிர்வீட்டுக்கு வந்த ஐஸ்

ஒரு மனிதர் ரோஸ் மில்க் டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் செத்துப்போனதற்காக அவர் வீட்டு நடுக்கூடத்தில் அழுதவள் நான். (முக்கால்வாசி அழுதது என் அம்மா. ஆனால் அழைத்துப் போனது நான்தான் என்பதால் பழி முழுக்க எனக்கே.)

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். அதில் ஆறு மாதம் நான் சங்கரன்கோவிலிலும் என் கணவர் சென்னையில் ஒரு மேன்ஷன் அறையிலும் இருந்து குடும்பம் நடத்தினோம். இன்லண்ட் லெட்டரில் எவ்வளவு குடும்பம் நடத்த முடியுமோ அவ்வளவு நடத்தினோம். அப்புறம் ஒருவழியாக அடையாறு பக்கம் ஓர் அமைதியான தெருவில் மாடிப் போர்ஷன் கிடைத்தது. கீழே குடியிருந்த வீட்டுக்காரர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"சத்தம் ஆகாது. இது டீசண்டான ஏரியா. ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தாலும் காலி பண்ணிடணும்."

காலி செய்தால் என் கணவருக்கு மேன்ஷன், எனக்கு மறுபடியும் இன்லண்ட் லெட்டர். அந்தப் பயத்தில் நான் கடுகு தாளிக்கும்போதுகூட சன்னலைச் சாத்திக்கொண்டேன்.

நான் ரத வீதியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் ரகசியம் பேசினால் மூன்று வீடு தள்ளியிருப்பவர்கள் அதற்கு யோசனை சொல்வார்கள். இந்தத் தெருவிலோ கார் வரும், கேட் திறக்கும், கேட் மூடும், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் ஒருவர்கூட என்னிடம் பேசவில்லை. எதிர்வீட்டு பால்கனியில் ஒரு பெரியவர் தினமும் காலையில் பேப்பர் படிப்பார். படித்து முடித்ததும் குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஒருநாள் துணிந்து அவரைப் பார்த்துச் சிரித்தேன். நான் யாரைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து அம்மா வந்தாள். வந்த இரண்டாம் நாளே கேட்டுவிட்டாள்.

"ஏட்டி, இந்தத் தெருவுல ஆளு இருக்காவளா, எல்லாரும் வீட்டப் பூட்டிட்டுப் போயிட்டாவளா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். துணி காயப்போட வெளியே வந்த நான் எதிர்வீட்டைப் பார்த்துத் திகைத்துப்போனேன். எப்போதும் மூடியிருக்கும் கேட் விரியத் திறந்து கிடந்தது. வாசலில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வேட்டி கட்டிய ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ ரோஜா மாலைகளை உள்ளே கொண்டுபோனார்கள். பால்கனியில் பெரியவரைக் காணோம். பேப்பர் மட்டும் மடிப்புக் கலையாமல் நாற்காலியில் கிடந்தது.

இங்கே எங்கள் ஊர்ச் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டில் நல்ல காரியம் என்றால் முந்தின நாளே ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். அதை நாங்கள் 'செட்டு' என்போம். காதுகுத்துக்கும் செட்டு, சடங்குக்கும் செட்டு. செட்டு இல்லாமல் ஒரு வீட்டு முன்னால் கூட்டம் கூடினால் அது துட்டி வீடு, அதாவது சாவு வீடு. செட்டு போடாத விசேஷம் ஒன்றை நான் அதுவரை கண்ணால் கண்டதில்லை.

ஆனாலும் அவசரப்படவில்லை, யோசித்துக்கொண்டுதான் நின்றேன். அப்போது ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. அதிலிருந்து மரத்தூள் அப்பிய சாக்கில் சுற்றிய பெரிய ஐஸ் கட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு அத்தனை பெரிய ஐஸ் போனால் அது ஒன்றுக்குத்தான், பிணம் கெடாமல் கிடத்தி வைக்க. நான் உள்ளே ஓடினேன்.

"எம்மா, எதுத்த வீட்டுப் பெரியவரு போயிட்டாவ!"

அம்மா அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். முகமே மாறிவிட்டது. எங்கள் தெருவில் துட்டி என்றால் அம்மா வந்து குரல் எடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு அழுகை வரும். ஒப்பாரியில் பெரிய கை.

"அவிய என்ன வேல பாத்தாவ?"

"தெரியாதும்மா."

"பிள்ளைய எத்தன?"

"தெரியாது."

"என்னதாம்ட்டி தெரியும்?"

"பேப்பர் படிப்பாவ. குரோட்டன்சுக்குத் தண்ணி ஊத்துவாவ."

"பொறவு?"

"அவ்வளவுதான்."

"இத வச்சு நான் என்னத்த அழுவேன்?" என்று அம்மா கோபப்பட்டாள். ஆனாலும் பழைய சேலையை எடுத்து உடுத்திக்கொண்டாள், கூந்தலை அவிழ்த்து விட்டாள். நானும் அப்படியே செய்தேன். திரும்பி வந்ததும் தலைமுழுக வெந்நீர் போட்டுவிட்டுப் படியிறங்கினோம்.

துட்டிக்குப் போகிற பெண்கள் தெருமுனையிலேயே அழுகையைத் தொடங்க வேண்டும், அதுதான் முறை. எங்களுக்கும் எதிர்வீட்டுக்கும் இடையில் இருந்தது இருபதடி. அம்மா முறை தவறாதவள். ஆகவே இருவரும் பேசாமல் தெருமுனை வரை நடந்துபோய், அங்கே திரும்பி நின்று தொடங்கினோம்.

அம்மா முதல் குரல் எடுத்ததும் இரண்டு மாதமாக நான் திறந்தே பார்க்காத சன்னல்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு நாய் குரைக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டது. வாசலில் நின்ற ஆண்கள் மிரண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். (துக்கம் அவர்களை நிலைகுலைய வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.) முந்தானையால் முகத்தை மூடியிருந்ததால் எனக்குத் தரை மட்டும்தான் தெரிந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்து, கைக்கு அகப்பட்ட முதல் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"பேப்பரு படிச்ச மகராசா, இனி
பேப்பர்க்காரன் யாருகிட்டக் குடுப்பான்?
கொரட்டன்சு வளத்த ராசா, ஒங்க
கொரட்டன்சு வாடுதே, தண்ணிக்குத் தேடுதே!"

எனக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. இவ்வளவு கொஞ்சத் தகவலில் இவ்வளவு பெரிய அழுகையா என்று அம்மாவை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. முந்தானையை லேசாக விலக்கிப் பார்த்தேன். அம்மா கட்டிப்பிடித்திருந்த பெண் மொடமொடப்பான பட்டுச்சேலையில் இருந்தாள். பக்கத்தில் தாம்பூலத் தட்டுகள், தேங்காய், மாலைகள். நிச்சயதார்த்த ஓலையை வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். சுவரோரம் ஜரிகை வேட்டியில் பெரியவர், கையில் ரோஸ் மில்க். டம்ளருக்குள் ஐஸ் மிதந்தது.

"எம்மா," என்று அவள் முதுகைச் சுரண்டினேன். "எம்மா, இருக்காவ."

"யாருட்டி இருக்கா?"

"அவியதான்."

அம்மா கண்ணைத் திறந்தாள். என் வாழ்க்கையில் அப்படி ஓர் அமைதியை அந்த அமைதியான தெருவில்கூட நான் கேட்டதில்லை. அப்போது உள் அறையிலிருந்து 'களுக்'கென்று ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, அடங்காமல், வெடித்துச் சிரித்தாள் கல்யாணப்பெண், பெரியவரின் பேத்தி. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார், தோள்கள் மட்டும் குலுங்கின. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அவரைப் பார்த்துத்தான் அம்மா சொன்னாள்: "பயப்படாதீய தாயி. இப்படி ஒருக்க அழுதுட்டா அய்யாவுக்கு ஆயுசு கெட்டி. எங்க ஊருப் பக்கம் இத நல்ல சகுனம்னுதான் சொல்லுவாவ." (எங்கள் ஊரில் யாரும் யார் வீட்டு நிச்சயதார்த்தத்திலும் இப்படி அழுததில்லை.)

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார். நாளை மறுநாள் ஊருக்கு ரயில் ஏறவேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"என்னது அய்யா?"

"பாட்டு. குரோட்டன்ஸோட நிறுத்திட்டீங்களே."

"எம் மக அவ்வளவுதான் சொன்னா அய்யா. வேற வெவரம் தெரியல."

"முப்பத்தஞ்சு வருஷம் ரயில்வேல இருந்தேன். அதையும் சேத்துக்குங்க."

கூடமே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் கடைசியில் சிரித்துவிட்டார்.

நாங்கள் வெளியே வந்தபோது கேட்டருகே வீட்டுக்காரரும், புது முடிவெட்டோடு என் கணவரும் நின்றார்கள். வீட்டுக்காரர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணுமில்ல சார். உங்க ஒய்ஃபும் மாமியாரும் எதிர்வீட்டுல அழுதுட்டிருக்காங்க. ஒண்ணாம் தேதிக்குள்ள வேற வீடு பாத்துக்குங்க." என் கணவர் என்னைப் பார்த்தார். அவிழ்ந்த கூந்தலும் பழைய சேலையுமாக நான் நின்ற கோலத்தில் அவருக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை.

பெரியவர் எங்கள் பின்னாலேயே வந்துவிட்டார். வீட்டுக்காரரிடம் சொன்னார்: "இவங்களைக் காலி பண்ணச் சொல்லாதீங்க சார். இந்தத் தெருவுல பதினாறு வருஷமா இருக்கேன். நான் செத்தா வந்து அழறதுக்கு இப்பத்தான் ஒரு ஆள் கிடைச்சிருக்கு."

"சரி சார், இந்த ஒரு தடவை," என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் உள்ளே போனார். அன்று மாலை எங்கள் மாடிக்கு மூன்று டம்ளர் ரோஸ் மில்க் வந்தது, ஐஸ் போட்டு. அம்மா மட்டும் தலைமுழுகிவிட்டுத்தான் குடித்தாள்.

அப்புறம் அந்தத் தெருவில் நான் பதினோரு வருடம் இருந்தேன். என்னைத் தெரியாத வீடே இல்லை. அம்மா வரும்போதெல்லாம் பெரியவர் பால்கனியிலிருந்து கையாட்டிக் கூப்பிட்டு, அழுகைக்குப் புதுத் தகவல்கள் கொடுப்பார். விழுப்புரத்தில் வேலை பார்த்தது, பேத்திக்குப் பிள்ளை பிறந்தது என்று எல்லாம் ஏறிக்கொண்டே போயின.

ஒருநாள் அந்த வீட்டுக்கு மறுபடியும் ஐஸ் வந்தது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அழுதுவிட்டு, பிறகுதான் அம்மாவுக்குத் தந்தி கொடுத்தேன். அம்மா ராத்திரி ரயிலைப் பிடித்து வந்தாள். தெருமுனையில் நின்று "முப்பத்தஞ்சு வருசம் ரயிலு விட்ட ராசா" என்று தொடங்கியதும், அன்றைய கல்யாணப்பெண் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு முதலில் சிரித்தாள். பிறகுதான் அழுதாள். இந்தமுறை எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள்.

இப்போது நாங்கள் வேறு தெருவில் இருக்கிறோம். இன்றைக்கும் வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது நான் ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டை எடுத்தால், என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்: "இந்தத் தடவை யாரு?"